புதுப் போனில் ஏஐ: எதை முதலில் தொடுவது, எதை அணைத்து வைப்பது

புதுப் போனை ஆன் செய்த இரவு, வரிசையாக வந்த ஒவ்வொரு திரையிலும் "இயக்கு", "சரி", "ஒப்புக்கொள்கிறேன்" என்று படிக்காமலே அழுத்திக்கொண்டே போனேன். எல்லாரும் செய்வதுதான். அடுத்த இரண்டு வாரம் போனில் இருந்த ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, என் செய்திகளைத் தானாகச் சுருக்கிக் காட்டியது, நான் டைப் செய்ததை மெருகேற்றட்டுமா என்று கேட்டது, எந்தப் படத்தைத் திறந்தாலும் ஓரத்தில் ஒரு குட்டி நட்சத்திரம் மின்னியது. இதில் எது உதவி, எது தொல்லை, எது வெறும் வேடிக்கை என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போதுதான் இப்படி ஒரு போன் கைக்கு வந்திருக்கிறது என்றால் உங்களுக்கு அந்த இரண்டு வாரம் மிச்சம்.

தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. புதுத் தராசு வந்தால் எடை தெரிந்த கல்லை வைத்துத்தானே முதலில் பார்ப்போம்? அதே மாதிரி, விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நாலைந்து பொருட்களைப் போனில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். என் ஃபோல்டரில் இருப்பவை: எனக்குப் பெயர் தெரிந்த ஒரு செடியின் படம், அச்சடித்த தமிழ்ப் பக்கம் ஒன்றின் படம், நானே பேசிப் பதிவு செய்த மூன்று நிமிட ஆடியோ, நானே எழுதிய ஒரு நீளமான கடிதம், அப்புறம் தூரத்து அறிவிப்புப் பலகை ஒன்றை ஜூம் செய்து எடுத்த படம். போனில் புதிதாக எந்த வசதியைப் பார்த்தாலும் முதலில் இதில் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பேன். விடை தெரியாத கேள்வியைக் கேட்டால் ஏஐ சொல்வது எல்லாமே சரி போலத்தான் தோன்றும், ஏனென்றால் அது தயங்காமல் பேசும். தெரிந்ததைக் கேட்டால்தான் அது எங்கே வழுக்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் போனில் உண்மையிலேயே இருக்கிறதா?

பெட்டியில் ஏஐ என்று அச்சடித்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். முகத்தை வெளுப்பாக்கும் கேமராவுக்குக்கூட அந்தப் பெயரைப் பல வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏஐ போடும் கணக்குகளுக்கென்றே தனிப் பகுதி வைத்த சிப்புகள் 2017-இலேயே வந்துவிட்டன, ஐபோன் எக்ஸில் நியூரல் என்ஜின் என்ற பெயரில் இருந்தது அதுதான். இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கும் எழுதுகிற, சுருக்குகிற, மொழிபெயர்க்கிற ஏஐ போனுக்குள் வந்தது அதற்கு வெகு பின்னால். 2023 டிசம்பரில் கூகுளின் பிக்சல் 8 ப்ரோவுக்குள் ஜெமினி நானோ என்ற சின்ன மொழி மாடல் (எழுத்தைப் படித்து எழுத்தைத் தரும் ஏஐ மென்பொருள்) வந்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 வரிசையோடு கேலக்ஸி ஏஐ வந்தது. ஐபோனின் ஏஐயான ஆப்பிள் இன்டெலிஜென்ஸை 2024 ஜூனில் அறிவித்து, அக்டோபர் கடைசியில் ஐஓஎஸ் 18.1-உடன் கொடுத்தார்கள்.

ஐபோன் 15 ப்ரோவில் வரும் வசதி சாதா ஐபோன் 15-இல் வராது. வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். பெரிய காரணம் ராம், அதாவது ஆப்கள் ஓடும்போது பயன்படும் நினைவகம். மொழி மாடல் வேலை செய்ய வேண்டுமென்றால் அது முழுசாக நினைவகத்தில் ஏறி உட்கார வேண்டும். ஜெமினி நானோவின் பெரிய வடிவத்தில் 325 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றதைக் குறித்து வைத்திருக்கும் எண்கள்), ஒவ்வொன்றுக்கும் 4 பிட் என்று சுருக்கி வைத்தாலும் சுமார் 1.6 ஜிபி ஆகிறது. மற்ற ஆப்களும் திறந்திருக்க வேண்டுமே. அதனால்தான் 8 ஜிபி ராம் உள்ள 15 ப்ரோவில் ஓடுவது 6 ஜிபி உள்ள சாதா 15-இல் ஓடவில்லை. மாடலை இறக்கிவைக்க ஸ்டோரேஜிலும் சில ஜிபி காலியாக இருக்க வேண்டும். அப்டேட் முடிந்தும் வசதி தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். சார்ஜில் போட்டு, வைஃபையில் விட்டு, காலையில் பாருங்கள்.

சாம்சங்கில் செட்டிங்ஸைத் திறந்து கேலக்ஸி ஏஐ என்று தேடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் அண்ட் சிரி. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் கம்பெனிக்கு ஒரு பெயர், இடமும் மாறும், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ஏஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைப் போட்டாலே பெரும்பாலும் வந்துவிடும். ஒன்றும் வரவில்லையா, கவலை இல்லை. கூகுளின் உரையாடும் ஏஐயான ஜெமினி ஆப், படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ், கூகுள் டிரான்ஸ்லேட், கூகுள் போட்டோஸ் இந்த நாலும் பழைய போனிலும் ஓடும், கீழே சொல்வதில் பாதியை அவற்றிலேயே செய்துவிடலாம். படத்தில் வேண்டாததை அழிக்கும் மேஜிக் எரேசர் 2021-இல் பிக்சல் 6-க்கு மட்டும் வந்த வசதி, 2024 மே மாதத்திலிருந்து கூகுள் போட்டோஸ் வைத்திருக்கும் எல்லாருக்கும் இலவசம்.

ஃப்ளைட் மோடு சோதனை

யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, ஆனால் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். ஃப்ளைட் மோடைப் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். இப்போது ஏஐ வசதிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வேலை செய்தால் அதை உங்கள் போனுக்குள்ளேயே செய்ய முடிகிறது, நெட் இருக்கும்போது வெளியே அனுப்பவே அனுப்பாது என்று மட்டும் சொல்ல முடியாது. "இணைய இணைப்பு தேவை" என்று சொன்னால் நீங்கள் கொடுக்கும் படமோ பேச்சோ எழுத்தோ ஏதோ ஒரு சர்வருக்குப் போய் வருகிறது என்று அர்த்தம். விளம்பரத்தில் இரண்டையும் ஒரே மாதிரி காட்டுவார்கள்.

நான் இப்படிப் பார்த்தபோது, மொழிப் பேக்குகளை முன்பே இறக்கி வைத்திருந்ததால் நேருக்கு நேர் மொழிபெயர்ப்பு நெட் இல்லாமல் ஓடியது. படத்தில் உள்ளதை நகர்த்தி, காலி இடத்தைப் புதிதாக வரைந்து நிரப்பும் வசதி அசையவே இல்லை. பொதுவாகவே கணக்கு இப்படித்தான்: எழுத்தை அடையாளம் காண்பது, பேச்சை எழுத்தாக்குவது மாதிரி சின்ன வேலைகள் போனுக்குள் நடக்கும், படம் வரைவது மாதிரி கனமான வேலைகள் வெளியே போகும். போன் மாடலைப் பொறுத்து இது மாறும், அதனால் உங்கள் போனில் நீங்களே பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

சாம்சங்கில் "போனுக்குள் மட்டும் செயலாக்கு" என்கிற மாதிரி ஒரு சுவிட்ச் கேலக்ஸி ஏஐ பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் போட்டால் வெளியே போகும் வசதிகள் மொத்தமாக நின்றுவிடும். ஐபோனில் போனுக்குள் முடியாததைப் பிரைவேட் கிளவுட் கம்ப்யூட் என்ற ஆப்பிளின் சர்வருக்கு அனுப்புவதைப் போனே முடிவு செய்துகொள்ளும். எது எப்போது வெளியே போனது என்று பார்க்க பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ரிப்போர்ட் என்று ஒன்று இருக்கிறது. வேறு கம்பெனியின் உரையாடும் ஏஐயான சாட்ஜிபிடிக்குப் போக வேண்டிய கேள்வி என்றால் அனுப்பட்டுமா என்று தனியாகக் கேட்கும், அப்படிக் கேட்கும் செட்டிங்கை நாம் மாற்றாமல் விட்டிருந்தால்.

முதலில் தொட வேண்டியது: வட்டம் போட்டுத் தேடுவது

எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் சர்க்கிள் டு சர்ச்தான் என் பதில். தவறினால் பெரிய நஷ்டம் இல்லை, சரியாக வந்தால் உடனே பயன். இந்த வசதி உள்ள ஆண்ட்ராய்டு போனில் திரையின் அடியில் உள்ள கோட்டையோ ஹோம் பட்டனையோ அழுத்திப் பிடியுங்கள், திரை லேசாக மின்னும், பிறகு எது வேண்டுமோ அதைச் சுற்றி விரலால் ஒரு வட்டம். கோணல்மாணலாக இருந்தாலும் புரிந்துகொள்ளும். ஐபோனில் கேமரா கன்ட்ரோல் பட்டன் உள்ள மாடல் என்றால் அதை அழுத்திப் பிடித்து எதிரே இருக்கும் பொருளைக் காட்டலாம்.

பொருளைக் கண்டுபிடிப்பதைவிட எனக்கு இதில் பிடித்தது வேறு. படத்துக்குள் இருக்கும் எழுத்தை விரலால் இழுத்து காப்பி செய்துவிடலாம். யாரோ அனுப்பிய நோட்டீஸ், போஸ்டர், ஸ்கிரீன்ஷாட், எதிலிருந்தும் ஒரு எண்ணையோ முகவரியையோ பார்த்துப் பார்த்து டைப் செய்கிற வேலை போயே போச்சு. என் தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தபோது அச்செழுத்தை நன்றாகவே படித்தது, கையெழுத்தில் சறுக்கியது. செடி விஷயத்தில் தாவரக் குடும்பத்தைச் சரியாகப் பிடித்து, வகையில் கோட்டை விட்டது. அதனால் அழகுச் செடி என்ன என்று கேட்பேன், இந்தக் காளானைச் சாப்பிடலாமா என்று ஒருநாளும் கேட்க மாட்டேன். ஸ்கிரீன்ஷாட் எடுக்கவிடாத பேங்க் ஆப் போன்றவற்றில் இந்த வட்டம் வேலை செய்யாது. போன் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

தமிழில் எவ்வளவு தூரம்?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். நம்மில் பலர் வாங்கியவுடன் பார்ப்பது இதைத்தான், முதல் ஏமாற்றமும் இங்கேதான் வருகிறது.

கூகுள் டிரான்ஸ்லேட்டுக்குத் தமிழ் வந்தது 2011-இல். குரலில் டைப் செய்வது 2017-இல். ஜெமினி ஆப் 2024 ஜூனில் தமிழ் உள்பட ஒன்பது இந்திய மொழிகளோடு இந்தியாவுக்கு வந்தது, வாயால் பேசிப் பேசியே உரையாடும் ஜெமினி லைவைத் தமிழிலும் தருவதாக அதே வருடம் அக்டோபரில் அறிவித்தார்கள். ஆக, தமிழ் தெரியாது என்ற நிலை இல்லை. ஆனால் போனின் சொந்த வசதிகள் எல்லாவற்றிலும் தமிழ் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே போனில் ஒரு வசதி தமிழ் பேசும், பக்கத்து வசதி பேசாது. ஒவ்வொரு வசதியின் மொழிப் பட்டியலையும் தனித்தனியாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

குரலில் டைப் செய்வதில் முதலில் நாம் பேசும் விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. பேச்சுத் தமிழில் வேகமாகப் போனால் சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். வானொலிச் செய்தி மாதிரி படிக்கத் தேவையில்லை, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் பேசினாலே பாதிப் பிழை போய்விடும். மூன்று நிமிட ஆடியோவை எழுத்தாக்கச் சொன்னபோது வாக்கியங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தன. சொதப்பியது பெயர்களில்தான். ஆள் பெயர், தெருப் பெயர் எல்லாம் அதற்கு ஏற்கெனவே தெரிந்த வேறு ஏதாவது சொல்லாக மாறிவிடுகிறது. ர-ற, ன-ண விஷயத்தில் பெரும்பாலும் சரி, காதில் ஒரே மாதிரி விழும் இரண்டு சொல்லுமே அகராதியில் இருந்தால் பாடு திண்டாட்டம், "மரம்" என்று சொன்னால் மரமா மறமா என்று அது ஊகிக்கத்தான் வேண்டும். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். அனுப்பும் முன் பெயரையும் எண்ணையும் மட்டும் ஒருமுறை பாருங்கள், மீதி எழுத்துப்பிழையை எல்லாரும் மன்னித்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பில் ஆபத்து வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் "வீ" என்ற ஒரே சொல்தான், நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு. "நாளை நாம் போகிறோம்" என்று வந்தால் எதிரில் இருப்பவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், "நாளை நாங்கள் போகிறோம்" என்றால் வீட்டில் இருப்பார். இயந்திரம் இதில் எதையாவது ஒன்றைத் துணிந்து போட்டுவிடுகிறது. "யூ" என்பதும் அப்படித்தான், முன்பின் தெரியாத பெரியவரை நீ என்று அழைத்துவிடும், நெருங்கிய நண்பனை நீங்கள் என்று தள்ளி நிறுத்திவிடும். "அங்கிள்" என்றால் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா, அடுத்த வீட்டுக்காரரா என்று அதற்கு எப்படித் தெரியும்?

மொழிபெயர்த்ததைத் திரும்ப மூல மொழிக்கு மாற்றிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பொதுவாக நல்ல யோசனைதான், நானும் செய்கிறேன். ஆனால் மேலே சொன்ன பிழைகள் அதில் சிக்கவே சிக்காது, நாம், நாங்கள் இரண்டும் திரும்பிப் போகும்போது அதே "வீ"தானே ஆகும். அதனால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இந்த மூன்றை மட்டும் கண்ணால் பாருங்கள்: நாம்-நாங்கள், நீ-நீங்கள், உறவுமுறை. ஜெமினி மாதிரி உரையாடும் ஏஐயிடம் கேட்பதாக இருந்தால், "என் அப்பாவின் தம்பிக்கு எழுதுகிறேன், மரியாதையாக வேண்டும், அவர் எங்களோடு வரவில்லை" என்று முன்கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் நன்றாகவே திருத்திக்கொள்கிறது.

நேரில் இரண்டு பேர் பேசும்போது நடுவில் போனை வைத்து மொழிபெயர்க்கும் வசதிக்கு ஒரே ஒரு குறிப்பு. ஒரு மூச்சில் ஒரு வாக்கியம், அப்புறம் நிறுத்துங்கள். நாம் பழகியபடி "அதாவது என்னன்னா" என்று ஆரம்பித்து மூன்று கிளைக் கதை சொன்னால் அதுவும் சேர்ந்து குழம்பும், எதிரில் இருப்பவரும் குழம்புவார்.

சுருக்கம் சொல்லும் வசதி: இதில் நான் பட்டது

நோட்டிஃபிகேஷன்களைச் சுருக்கிக் காட்டும் வசதி ஆனில் இருந்தது எனக்குத் தெரியாது. ஒரு மதியம் பூட்டிய திரையில் குடும்பக் குழுவிலிருந்து ஒரு வரி: அத்தை மருத்துவமனையில், ரிப்போர்ட் கிடைக்கவில்லை. பதறிப்போய்த் திறந்தால், அத்தை தோழியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய்விட்டு வீடு திரும்பிவிட்டார், யாரோ ஒரு பையனின் பள்ளி ரிப்போர்ட் கார்டு இன்னும் வரவில்லை. இரண்டு பேர் பேசிய இரண்டு விஷயத்தை ஒரே வரியில் தைத்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் குழுவில் இருந்ததுதான். சேர்த்த விதம்தான் கோளாறு.

இது என் போனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2024 டிசம்பரில் ஆப்பிளின் நோட்டிஃபிகேஷன் சுருக்கம் பிபிசி சொல்லாத ஒரு செய்தியைப் பிபிசி பெயரில் காட்டியது, பிபிசி புகார் கொடுத்தது, 2025 ஜனவரியில் செய்தி ஆப்களுக்கான சுருக்கத்தை ஆப்பிளே நிறுத்தி வைத்தது. நடந்ததைப் புரிந்துகொண்டு சுருக்குகிற ஆள் யாரும் உள்ளே இல்லை. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்குப் போடும் மாடல் அது, நாலு துண்டு வாக்கியத்தைக் கொடுத்தால் அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். செய்திகள் துண்டு துண்டாக இருக்க இருக்க ஊகம் கூடும்.

அதனால் செய்ய வேண்டியது: நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் சுருக்கம் என்ற பகுதியைத் திறந்து, குடும்பக் குழு இருக்கும் ஆப், செய்தி ஆப், பேங்க், மருத்துவம் தொடர்பான ஆப்கள் எல்லாவற்றுக்கும் அணைத்துவிடுங்கள். நூறு செய்தி வந்து குவியும் வெட்டி அரட்டைக்கென்றே தனி ஆப் ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் இருக்கட்டும், அதில் தப்பானாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

நீளமான, தொடர்ச்சியான எழுத்தைச் சுருக்குவதில் இது எவ்வளவோ மேல். என் கடிதத்தைக் கொடுத்தபோது ஐந்து வரியில் முக்கியமானதைச் சொல்லிவிட்டது, ஆனால் நான் "ஒருவேளை வரலாம்" என்று எழுதியது "வருகிறார்" ஆகிவிட்டது. இந்த "ஒருவேளை", "இல்லை", "தவிர" மாதிரி சின்னச் சொற்கள்தான் சுருக்கத்தில் முதலில் காணாமல் போகும். கூட்டத்தில் பேசியதைப் பதிவு செய்து சுருக்கினால், யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்ற வரிகளுக்கு மட்டும் மூலத்தைத் திறந்து பாருங்கள். பதிவு செய்வதை எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ஐபோனில் அழைப்பைப் பதிவு செய்தால் போனே இரண்டு பக்கமும் கேட்கும்படி அறிவித்துவிடுகிறது.

படம்

எல்லாரும் முதலில் விளையாடுவது இதில்தான், அதனால் செய்முறை சுருக்கமாக. கேலரியில் படத்தைத் திறந்து, எடிட் போய், நட்சத்திரக் குறியையோ எரேசரையோ தட்டி, வேண்டாததைச் சுற்றி வரையுங்கள். வானம், மணல், வெறும் சுவர் பின்னால் இருந்தால் அழித்த தடமே தெரியாது. ஒரு ஆளின் கைக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு ஆளை அழித்தால் ஆறாவது விரல் முளைக்க வாய்ப்பு உண்டு. அப்படியே நிழலையும் சேர்த்து வட்டமிடுங்கள், ஆள் போன பிறகு நிழல் மட்டும் தரையில் கிடப்பது பார்க்க நன்றாக இருக்காது.

மூலப் படத்தின் மேல் சேமிக்காமல் காப்பியாகச் சேமியுங்கள். சாம்சங்கில் ஏஐ வைத்து மாற்றிய படத்தின் இடது கீழ் மூலையில் நட்சத்திரக் குறி ஒன்று பதியும், படத்தின் விவரத்திலும் எழுதப்படும். பத்து வருடம் கழித்து எது நடந்தது, எது வரைந்தது என்று நமக்கே குழப்பம் வரும்போது உதவும். ரசீது, சான்றிதழ், அடிபட்ட வண்டி இப்படி எதற்காவது ஆதாரமாகக் காட்ட வேண்டிய படத்தில் மட்டும் ஏஐயின் விரல்கூடப் படக்கூடாது, வெளிச்சத்தைச் சரிசெய்வதற்குக்கூட.

யாரும் கவனிக்காத இடம் ஜூம். எடிட் எதையும் தொடாமலே ஏஐ அங்கே வேலை செய்துகொண்டிருக்கலாம். ரொம்ப தூரம் ஜூம் செய்யும்போது சென்சாருக்குக் கிடைக்காத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. என் அறிவிப்புப் பலகைப் படத்தில் தொலைபேசி எண்ணின் 8 பளிச்சென்று 3 ஆகத் தெரிந்தது. மங்கலாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன், பளிச்சென்று இருந்ததால் நம்பி அந்த எண்ணுக்கு அழைத்து, தூங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவரிடம் திட்டு வாங்கினேன். எண்ணும் எழுத்தும் முக்கியம் என்றால் நாலடி நடந்து கிட்டப் போய் எடுங்கள்.

எழுதித் தரும் வசதி

கீபோர்டில் நாம் எழுதியதை "தொழில்முறையாக", "நட்பாக" என்று மாற்றித் தரும் பட்டன் ஒன்று இருக்கும். அலுவலகக் கடிதத்துக்குச் சரி. நண்பன் ஒருவனுக்கு அப்படி மெருகேற்றி ஒரு செய்தி அனுப்பினேன், ஏதாவது கோபமா என்று திருப்பிக் கேட்டான். இப்போது எழுத்துப்பிழை திருத்த மட்டும் வைத்திருக்கிறேன். அதிலும் ஆங்கிலத்தில்தான் கெட்டி, தமிழில் ஒற்றுப்பிழையைத் திருத்தச் சொன்னால் சரியாக இருந்த இடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்த அனுபவமும் உண்டு.

உரையாடும் ஏஐ, அதன் பின்னால் இருக்கும் குறிப்பேடு

பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் இப்போது ஜெமினி வரும். போனை அணைக்கத்தான் அழுத்தினேன் என்று எரிச்சல்படுகிறவர்கள் செட்டிங்ஸில் சைடு பட்டன் அல்லது பவர் பட்டன் என்று தேடிப் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

என்ன கேட்பது? அலாரம், நினைவூட்டல், திரையில் இருக்கும் பக்கத்தைப் பற்றிய கேள்வி, ஒரு விஷயத்தை எளிதாக விளக்கச் சொல்வது, இதெல்லாம் தாராளமாக. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறையில் முதலில் பத்துக் கேள்வி கேட்டுப் பாருங்கள், உங்கள் வேலை, நீங்கள் படித்த பாடம், எதுவானாலும் சரி. பத்தில் எத்தனை தவறு என்று எண்ணிக்கொள்ளுங்கள். தெரியாத துறையிலும் அதே மாதிரி தவறுகள் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. மருந்தின் அளவை அதனிடம் கேட்காதீர்கள், மாத்திரை அட்டையும் மருத்துவரும் இருக்கிறார்கள்.

பிறகு முதல் நாளே செய்ய வேண்டிய ஒன்று. ஜெமினியில் உங்கள் படத்தைத் தட்டினால் ஆக்டிவிட்டி என்ற பகுதி வரும். நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் உரையாடல்கள் 18 மாதம் இருக்கும். அதை 3 மாதமாகக் குறைக்கலாம், மொத்தமாக அணைக்கவும் செய்யலாம், அணைத்தாலும் 72 மணி நேரம் வரை வைத்திருப்பார்கள். தரத்தைச் சரிபார்க்க மனிதர்கள் படிப்பதற்கென்று எடுக்கப்பட்ட உரையாடல்கள் 3 வருடம் வரை இருக்கலாம், நாம் நம் பக்கத்தில் அழித்தாலும் அவை அழியாது. இதை ரகசியமாக வைக்கவில்லை, கூகுளே தன் பிரைவசி பக்கத்தில் எழுதியிருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. பாஸ்வேர்டு, ஓடிபி, அடையாள அட்டையின் படம், அடுத்தவரின் நோய் விவரம் இதையெல்லாம் அங்கே டைப் செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. உங்கள் போனில் இருக்கும் இதே மாதிரி கருவி மற்றவர்கள் கையிலும் இருக்கிறது, சில நொடிப் பேச்சை வைத்து ஒருவரின் குரலைப் போலச் செய்ய இப்போது முடிகிறது. வீட்டில் உள்ளவர்களோடு ஒரு ரகசியச் சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவசரம், உடனே பணம் அனுப்பு என்று தெரிந்த குரலில் அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேளுங்கள், அல்லது வைத்துவிட்டு உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

பேட்டரி பற்றி

முதல் இரண்டு மூன்று நாள் போன் சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். கேலரியில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களைத் தேட வசதியாக அது ஒவ்வொன்றாகப் பார்த்து அடையாளம் குறித்துக்கொண்டிருக்கும். பழைய போனிலிருந்து நிறையப் படம் மாற்றியிருந்தால் இன்னும் நேரம் ஆகும். ஒரு வாரம் கழிந்தும் குறையவில்லை என்றால் செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதியில் எந்த ஆப் தின்கிறது என்று பார்த்து அதை அணையுங்கள்.

பெரிய அப்டேட் வந்த பிறகு ஒருமுறை ஏஐ பக்கத்தைத் திறந்து பாருங்கள், புதிதாக வந்த வசதி சில சமயம் ஆனிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். நான் அன்றைக்கே அந்த ஐந்து பொருள் ஃபோல்டரையும் திறந்து திரும்ப ஒரு சுற்று ஓட்டுவேன், கால் மணி நேரம்கூட ஆகாது. போன அப்டேட்டுக்குப் பிறகு செடியின் வகையைச் சரியாகச் சொன்னது. கடிதத்தில் "ஒருவேளை"யை விடாமல் பிடித்துக்கொண்டது. பலகையில் இருக்கும் எண்ணை மட்டும் இன்னமும் 3 என்றே படிக்கிறது, படத்திலேயே அது 3 ஆகப் பதிந்துவிட்டதே, பாவம் அது என்ன செய்யும்.